கண்ணாடி டீபாட்டில் இலைத் தேயிலை: நிறத்தை விட்டு இலையைப் பாருங்கள்

நீங்கள் கேட்டது சுருக்கமாக இது: குன்னூரில் ஒரு கடையில் பால் இல்லாமல் போட்டுக் கொடுத்த இலைத் தேநீர் பிடித்துப்போய், அதே தேயிலையை வாங்கி வந்திருக்கிறீர்கள். உள்ளே வலைக்கூடை வைத்த ஒரு லிட்டர் கண்ணாடி டீபாட்டும் வாங்கியாகிவிட்டது. ஆனால் வேளச்சேரி வீட்டில் போட்டால் கசக்கிறது, நிறம் மங்கிக் கறுக்கிறது, மேலே ஆடை போல ஏதோ படிகிறது. டீபாட்டை அப்படியே காஸ் அடுப்பில் வைக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அதில் கை சுடும் ஆபத்து இருக்கிறது. அடுப்பில் வைக்க வேண்டாம். நல்ல டீபாட்டுகள் போரோசிலிகேட் கண்ணாடியில் செய்தவை. ஜன்னல் கண்ணாடி, ஊறுகாய் பாட்டில் எல்லாம் சோடா-சுண்ணாம்புக் கண்ணாடி. சூடு ஏறும்போது அது விரிவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் போரோசிலிகேட் விரியும். கொதிக்கிற தண்ணீரை ஊற்றினாலும் அது தாங்குவதற்குக் காரணம் இதுதான். ஜெர்மனியின் யேனா நகரில் ஓட்டோ ஷாட் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவாக்கிய கண்ணாடி இது. 1915-இல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம் பைரெக்ஸ் என்ற பெயரில் இதைச் சமையலறைக்குக் கொண்டுவந்தது. ஆனால் கொதிநீரைத் தாங்குவது வேறு, காஸ் தீயைத் தாங்குவது வேறு. தண்ணீர் எவ்வளவு கொதித்தாலும் 100 டிகிரியைத் தாண்டாது. தீ நேராகப் படும் அடிப்பகுதி அதைவிட மிக அதிகமாகச் சூடாகும், கைப்பிடி ஒட்டிய இடமோ ஆறியே இருக்கும். அந்த வித்தியாசத்தில்தான் விரிசல் விழுகிறது. அடுப்பில் வைக்கலாம் என்று பெட்டியிலேயே தெளிவாகப் போட்டிருந்தால் சிறு தீயில் வைக்கலாம்தான். ஆனால் இலைத் தேயிலையைக் கொதிக்க வைக்கத் தேவையே இல்லை எனும்போது எதற்கு அந்த வம்பு? இண்டக்‌ஷன் அடுப்பில் கண்ணாடி சூடே ஆகாது. தண்ணீரைக் கெட்டிலிலோ சாதாரண எவர்சில்வர் பாத்திரத்திலோ கொதிக்க வைத்து, டீபாட்டில் ஊற்றுங்கள், போதும். சூடான டீபாட்டை ஈரமான கிரானைட் மேடையில் நேராக வைக்காமல் ஒரு துணியை மடித்துப் போட்டு அதன்மேல் வையுங்கள்.

சரி, கசப்புக்கு வருவோம்.

சென்னையில் நாம் குடித்து வளர்ந்த டீ பெரும்பாலும் டஸ்ட் டீ. சி.டி.சி. முறையில் தயாராவது. பற்கள் வைத்த உருளைகளுக்கு நடுவே இலையை விட்டு நசுக்கி, கிழித்து, சுருட்டி எடுப்பார்கள். 1930-களில் அசாமில் வந்த இயந்திரம் அது. இன்று இந்தியாவில் தயாராகும் தேயிலையில் பெரும்பங்கு இந்த வகைதான். இலையின் செல்கள் நொறுங்கிவிடுவதால் உள்ளே இருப்பதெல்லாம் ஓரிரு நிமிடத்தில் தண்ணீரில் இறங்கிவிடும். அதில் பாலும் சேர்க்கிறோம். பாலில் உள்ள கேசின் என்ற புரதம் தேநீரின் துவர்ப்புப் பொருள்களோடு சேர்ந்து அவற்றைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. டிக்காஷன் எவ்வளவு கறுப்பாக இறங்கினாலும் பாலும் சர்க்கரையும் சேர்ந்ததும் வாய்க்கு இதமாக மாறுவது அதனால்தான். அந்தத் தேயிலைக்கு அந்த முறைதான் பொருத்தம். டீக்கடை மாஸ்டர்கள் செய்வதில் ஒரு குறையும் இல்லை.

நீங்கள் வாங்கி வந்தது ஆர்தடாக்ஸ் தேயிலை. பறித்த கொழுந்தை வாட்டி, உருட்டி, காற்று பட்டு நிறம் மாற விட்டு, அப்புறம் உலர்த்துவார்கள். இலை அவ்வளவாக உடையாது. பெட்டியில் ஓ.பி., எஃப்.ஓ.பி. என்று போட்டிருந்தால் முழு இலை, பி.ஓ.பி. என்றால் உடைத்த இலை, அது கொஞ்சம் வேகமாக இறங்கும். இதில் பால் இல்லை, ஆகவே துவர்ப்பைப் பிடித்து வைக்க எதுவும் இல்லை. டஸ்ட் டீக்குச் செய்வது போல இரண்டு ஸ்பூன் தாராளமாகப் போட்டு, கறுக்கும்வரை விட்டுவைத்தால் அந்தத் துவர்ப்பு முழுவதும் நேராக நாக்குக்கு வருகிறது.

இலையில் இருப்பதெல்லாம் ஒரே நேரத்தில் வெளியே வருவதில்லை என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வாசனை, காஃபின், இனிப்புச் சாயல் தரும் அமினோ அமிலங்கள் ஆகியவை சீக்கிரம் இறங்கிவிடும். துவர்க்கும் பாலிபீனால்கள் பின்னாலும் இறங்கிக்கொண்டே இருக்கும், தண்ணீர் சூடாக இருக்க இருக்க இன்னும் அதிகமாக. நல்ல தேநீர் என்பது முதல் கூட்டம் முழுதாக வந்து, இரண்டாவது கூட்டம் அளவாக வந்திருக்கும்போது இலையைப் பிரித்துவிடுவது. சூடு, அளவு, நேரம் என்று எல்லோரும் சொல்வது இந்த ஒரு காரியத்துக்காகத்தான்.

இங்கேதான் கண்ணாடி டீபாட் நம்மை ஏமாற்றுகிறது. உள்ளே நடப்பது தெரிவதால் நாம் நிறத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறோம். 'இன்னும் கலர் வரலையே' என்று இன்னும் இரண்டு நிமிடம் விடுகிறோம். நீலகிரியில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, பனி விழும் நாட்களில் பறிக்கும் இலையை எடுத்துக்கொள்ளுங்கள். குளிரில் செடி மெதுவாக வளர்வதால் அதற்கு வாசனை அதிகம். சரியாகப் போட்டால் வெளிறிய பொன்னிறத்தில்தான் இருக்கும். அதில் டீக்கடைச் சிவப்பு வரட்டும் என்று காத்திருந்தால், அது வரும்போது கசப்பும் கூடவே வந்திருக்கும். நல்ல கிரீன் டீ வெளிர் மஞ்சளும் பச்சையுமாக இருக்க வேண்டியது. அது பழுப்பாகிவிட்டால் ஒன்று இலை பழசு, இல்லையென்றால் நீங்கள் அதை அளவுக்கு மீறி விட்டுவிட்டீர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. ஒரு லிட்டர் டீபாட்டில் பார்க்கும்போது ஒளி பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் திரவத்தைக் கடந்து கண்ணுக்கு வருகிறது, அதனால் அடர்த்தியாகத் தெரியும். அதே தேநீரைச் சிறிய கப்பில் ஊற்றினால் வெளிறிப் போகும். உடனே 'லைட்டா இருக்கு' என்று மிச்சத்தை மேலும் ஊற விடுகிறோம். தண்ணீரும் நிறத்தை மாற்றும்: சுண்ணாம்புள்ள தண்ணீரில் அதே இலை கறுக்கும், எலுமிச்சை பிழிந்தால் நொடியில் வெளுக்கும். நிறம் மாறினாலும் உள்ளே இறங்கிய சத்து அதேதான். ஆகவே ஊறியது போதுமா என்பதை நிறத்திடம் கேட்காதீர்கள்.

அப்படியென்றால் கண்ணாடி எதற்கு? இலையைப் பார்க்க. இதில் பீங்கானும் எவர்சில்வரும் அதற்குப் பக்கத்தில்கூட வர முடியாது. தண்ணீர் ஊற்றியதும் உலர்ந்த இலை மேலே மிதக்கும், அதன் மடிப்புகளில் காற்றுக்குமிழ்கள் ஒட்டியிருக்கும். தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச முறுக்கு அவிழும், குமிழ்கள் விட்டுப் போகும், ஒவ்வொன்றாகக் கீழே இறங்கும். பாதிக்கு மேல் இறங்கி, இலையின் ஓரம் விரிந்து தெரியும்போது ருசி பார்க்கத் தொடங்கலாம். கறுப்புத் தேயிலைக்கும் கிரீன் டீக்கும் இடைப்பட்ட ஊலாங் வகை, அதிலும் உருண்டையாகச் சுருட்டியது, முதல் தடவை விரியவே நேரம் எடுக்கும், அதற்குக் கூடுதல் நேரம் கொடுங்கள் என்று இலையே சொல்லிவிடும். சில நாட்களுக்குப் பிறகு உங்களுக்கு இது பழகிவிடும், கடிகாரத்தை அவ்வளவாகப் பார்க்கத் தேவைப்படாது.

நன்றாக விரிந்த இலையில் சில நேரம் இரண்டு இலையும் ஒரு கொழுந்தும் சேர்ந்தே கிடைக்கும், பறித்த கை கிள்ளியது போலவே. நீலகிரித் தோட்டங்களில் அந்தக் கைகளில் பல, 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்களைச் சேர்ந்தவை. அவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகத் தமிழக அரசு தொடங்கிய தேயிலைத் தோட்ட நிறுவனம்தான் டான்டீ. தேநீர் ஊறும் அந்த மூன்று நிமிடத்தில் இதை நினைத்துக்கொள்வது எனக்குப் பிடிக்கும்.

குடித்து முடித்ததும் ஈர இலையை ஒரு வெள்ளைத் தட்டில் கொட்டிப் பாருங்கள். தேயிலையை ருசி பார்த்து விலை சொல்பவர்கள் இதைச் செய்யாமல் இருக்கவே மாட்டார்கள். கறுப்புத் தேயிலை என்றால் ஈர இலை செம்பு நிறத்தில் சீராக இருக்க வேண்டும். பாதி கறுத்து, பாதி பச்சையாக, காம்பும் நாருமாகக் கிடந்தால் உங்கள் முறையில் குறை இல்லை, இலையில்தான் குறை. அடுத்த முறை வேறு கடை பாருங்கள்.

இனி தண்ணீர். உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது இதுதான். மேலே படியும் அந்த ஆடை தேயிலையில் இருந்து மட்டும் வருவதில்லை. தண்ணீரில் உள்ள கால்சியமும் பைகார்பனேட்டும் தேநீரின் பாலிபீனால்களோடு காற்றுப் படும் மேற்பரப்பில் சேர்ந்து உண்டாக்குவது அது. லண்டன் இம்பீரியல் கல்லூரியின் மைக்கேல் ஸ்பைரோ இதை ஆராய்ந்து 1993-இல் நேச்சர் இதழில் எழுதினார். கால்சியமும் பைகார்பனேட்டும் இல்லாத தண்ணீரில் ஆடை படிவதில்லை, அமிலம் சேர்த்தாலும் குறைகிறது. லெமன் டீயில் நீங்கள் அந்த ஆடையைப் பார்த்திருக்க மாட்டீர்கள்.

இப்போது சென்னையை யோசித்துப் பாருங்கள். ஒரே அபார்ட்மெண்டில் மெட்ரோ வாட்டர், போர் தண்ணீர், லாரித் தண்ணீர் மூன்றும் ஒரே சம்ப்பில் கலக்கும். வெயில் காலத்தில் போர் பங்கு கூடும், மழை நின்றதும் குறையும். கெட்டிலின் அடியில் வெள்ளை வெள்ளையாகப் படிந்தால் அதே சுண்ணாம்புதான் தேநீரைக் கறுக்க வைத்து, வாசனையை அமுக்கி, ஆடையும் கட்டுகிறது. குன்னூரிலோ மலை ஓடைகளில் இருந்து வரும் தண்ணீர், சுண்ணாம்பு குறைவு. அங்கே ருசித்தது இங்கே ருசிக்காததற்குப் பாதிக் காரணம் இதுவே.

ஆகவே குழாய்த் தண்ணீர் வேண்டாம். ஆனால் ஆர்.ஓ. தண்ணீர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு நல்லது என்றும் சொல்ல மாட்டேன். உப்பு எல்லாவற்றையும் பிடுங்கி டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்துள்ள உப்பின் அளவு) 20, 30 என்று இறக்கி வைத்திருந்தால் தேநீர் சப்பென்று, ஆனால் முனையில் கூராக இருக்கும். 50-இலிருந்து 150 வரை இருந்தால் இலை நன்றாகப் பேசும். கையடக்க டி.டி.எஸ். மீட்டர் விலை குறைவு, ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம். பல ஆர்.ஓ. கருவிகளில் டி.டி.எஸ். கூட்டிக் குறைக்கும் திருகு இருக்கும், சர்வீஸுக்கு வருபவரிடம் சொன்னால் சரிசெய்து தருவார். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: டி.டி.எஸ். என்பது கரைந்துள்ள எல்லா உப்புகளின் மொத்தம், சுண்ணாம்பின் அளவு மட்டும் அல்ல. எண் சரியாக இருந்தும் ஆடை படிந்தால் தண்ணீரில் சுண்ணாம்புதான் அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேன் தண்ணீரில் ஒரு முறை, வீட்டு ஆர்.ஓ.வில் ஒரு முறை போட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்துப் பார்ப்பதுதான் நல்ல வழி. வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.

குன்னூருக்கும் சென்னைக்கும் இன்னொரு வித்தியாசம் உயரம். குன்னூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர். அங்கே தண்ணீர் ஏறக்குறைய 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். கடைக்காரர் கொதித்ததும் ஊற்றியிருப்பார், ஆனால் அது 94 டிகிரி. நம் சென்னை கடல் மட்டத்தில் இருக்கிறது, இங்கே கொதி என்றால் 100. அழுத்தமான கறுப்பு இலைக்கு அந்த ஆறு டிகிரி பெரிதாக உறைக்காது. மென்மையான பனிக்கால இலைக்கும், கிரீன் டீக்கும், வெள்ளைத் தேயிலைக்கும் உறைக்கும். அடுப்பை அணைத்து ஒரு நிமிடம் நின்று ஊற்றினால் ஏறக்குறைய குன்னூர்ச் சூட்டுக்கு வந்துவிடும்.

கிரீன் டீக்கு 75-80 டிகிரி போதும். தெர்மாமீட்டர் இல்லையென்றால் நம் வீட்டு டவராவும் டம்ளரும் இருக்கிறது. கொதித்த தண்ணீரைச் சூடாக்காத பாத்திரத்தில் ஒவ்வொரு முறை மாற்றி ஊற்றும்போதும் ஐந்து முதல் பத்து டிகிரி வரை இறங்கும். இரண்டு மூன்று முறை ஆற்றி, பிறகு இலைமேல் ஊற்றுங்கள். தேநீரை ஆற்றுவதற்குப் பதிலாகத் தண்ணீரை ஆற்றுகிறோம், அவ்வளவுதான். கிரீன் டீ கசக்கிறது என்று சொல்லி அதை மருந்து போல முகம் சுளித்துக் குடிப்பவர்கள் நிறையப் பேர். அவர்களில் பெரும்பாலானோர் கொதிநீரை ஊற்றி ஐந்து நிமிடம் விடுபவர்கள். சூட்டைக் குறைத்து இரண்டு நிமிடத்தில் எடுத்துப் பாருங்கள், அதே இலை வேறாக இருக்கும்.

அளவு. நூறு மில்லி தண்ணீருக்கு இரண்டு கிராம் என்பதிலிருந்து தொடங்குங்கள். தேநீர் ருசி பார்ப்பதற்கான உலகத் தர வரையறை ஐ.எஸ்.ஓ. 3103-உம் இதே அளவைத்தான் சொல்கிறது. ஆனால் அது கொதிநீரில் ஆறு நிமிடம் விடச் சொல்கிறது, அதைப் பார்த்து வீட்டில் ஆறு நிமிடம் விட்டுவிடாதீர்கள். ஒரு தேயிலையோடு இன்னொன்றை ஒப்பிட, குறைகள் எல்லாம் வெளியே தெரிய வேண்டும் என்பதற்காக வைத்த நேரம் அது. ஸ்பூன் கணக்கையும் நம்ப வேண்டாம். இறுக்கமாக உருட்டிய இலை ஒரு டீஸ்பூனுக்கு இரண்டு கிராமைத் தாண்டும், பஞ்சு போல இருக்கும் வெள்ளைத் தேயிலை ஒரு கிராம்கூட வராது. சமையலறைத் தராசு இருந்தால் ஒருமுறை நிறுத்துப் பார்த்து, உங்கள் ஸ்பூனில் எவ்வளவு என்று தெரிந்துகொண்டால் போதும்.

உங்கள் ஒரு லிட்டர் டீபாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டு பேருக்கு நானூறு மில்லி ஊற்றினால் பாதிகூட நிறையாது. வலைக்கூடை மேலே இருந்து தொங்குவதால் தண்ணீர் கூடையின் அடியை மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும். பாதி இலை நனையாது, நனைந்த பாதி நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கும். 'இலை நிறையப் போட்டும் டேஸ்ட் வரல, அதிக நேரம் விட்டா கசக்குது' என்று சொல்கிறவர்கள் வீட்டில் பெரும்பாலும் இதுதான் நடக்கிறது. இதற்குச் சுலபமான வழி, கூடையை எடுத்து வைத்துவிட்டு இலையை நேராக டீபாட்டில் போடுவது. இலைக்கு நீந்த இடம் கிடைக்கும், நீங்களும் அது விரிவதைப் பார்க்கலாம். ஊற்றும்போது சின்ன வடிகட்டி பிடித்தால் சரி. புதிதாக வாங்குபவர்களுக்கு என் யோசனை: எவ்வளவு குடிப்பீர்களோ அந்த அளவுக்கே வாங்குங்கள். இரண்டு பேர் இருக்கும் வீட்டுக்கு 400 முதல் 600 மில்லி. கூடை இருந்தால் அடிவரை இறங்குவதாக, அகலமாக இருக்கட்டும். மூடி ஊற்றும்போது விழாமல் நிற்கிறதா என்று கடையிலேயே சாய்த்துப் பாருங்கள்.

இவ்வளவையும் ஒன்றாகச் சேர்த்தால் செய்முறை சின்னதுதான். கறுப்பு இலை என்றால் டீபாட்டில் கொஞ்சம் சுடுநீர் ஊற்றிச் சுழற்றிக் கொட்டிவிடுங்கள். மெல்லிய கண்ணாடி தானாக அதிகச் சூட்டை உறிஞ்சாது, ஆனால் வெளியே வேகமாக விட்டுவிடும். தலைக்கு மேல் ஃபேன் ஓடும் சாப்பாட்டு மேசையில் இன்னும் வேகமாக. ஊறும் நேரத்துக்கு மட்டும் ஃபேன் காற்று படாத இடத்தில் வையுங்கள். கிரீன் டீக்கு முன்சூடு தேவையில்லை. இலையைப் போடுங்கள், நானூறு மில்லிக்கு எட்டு கிராம். அடுப்பை அணைத்து ஒரு நிமிடம் கழித்து (கிரீன் டீ என்றால் முன்பு சொன்னபடி ஆற்றிய பிறகு), தண்ணீரை இலைமேல் சுற்றி ஊற்றுங்கள். மூடுங்கள், மூடாவிட்டால் வாசனை அறையில்தான் இருக்கும், கப்பில் இருக்காது. இரண்டாவது நிமிடத்தில் ஒரு ஸ்பூன் எடுத்து ருசி பாருங்கள், மூன்றில் இன்னொன்று, நான்கில் இன்னொன்று. எந்த நிமிடத்தில் உங்கள் நாக்கு சரி என்கிறதோ, அதுதான் அந்தத் தேயிலைக்கு உங்கள் வீட்டுத் தண்ணீரில் நேரம். பெட்டியின் மேலேயே எழுதி வைத்துவிடுங்கள். பெட்டியில் அச்சிட்ட நேரத்தைவிட அதை நம்பலாம்.

நேரம் ஆனதும் ஒரு சொட்டு விடாமல் ஊற்றிவிட வேண்டும், அல்லது கூடையைத் தூக்கிவிட வேண்டும். அரை டீபாட்டை இலையோடு விட்டுவிட்டு இரண்டாவது கப்புக்கு வந்தால் கசப்பு உங்களுக்காகக் காத்திருக்கும். கீழே மெழுகுவர்த்தி வைத்துச் சூடாக வைத்திருக்கும் ஸ்டாண்டுகள் அழகுதான், ஆனால் இலையை எடுத்த பிறகுதான் அதில் வைக்கலாம்.

வீட்டில் பெரியவர்கள் பால் டீதான் கேட்பார்கள் என்றால், இந்த இலையைப் பாலில் கொதிக்க வைத்து இரண்டையும் கெடுக்காதீர்கள். அவர்களுக்கு எப்போதும் போல டஸ்ட் டீயே போட்டுக் கொடுங்கள். இனிப்பு வேண்டுமென்றால் கப்பில் கொஞ்சம் பனங்கற்கண்டு கறுப்பு இலையோடு நன்றாகச் சேரும், நாட்டுச் சர்க்கரை வாசனையை மூடிவிடும். எலுமிச்சையும் கப்பில்தான், டீபாட்டில் அல்ல.

நல்ல இலையை ஒரே தடவையில் தூக்கி எறிய வேண்டாம். அடுத்தாற்போல இன்னொரு முறை, ஒரு நிமிடம் கூடுதலாக விட்டுப் போடலாம், ஊலாங் என்றால் இன்னும் சில முறை. ஆனால் காலையில் நனைந்த இலையை மாலைக்கு வைத்திருக்காதீர்கள், சென்னை வெக்கையில் அது கெட்டுவிடும்.

கத்திரி வெயிலில் சூடாகக் குடிக்கப் பிடிக்கவில்லையா? உங்கள் ஒரு லிட்டர் டீபாட்டுக்கு அதுதான் சரியான வேலை. பத்து கிராம் இலை, ஒரு லிட்டர் நல்ல தண்ணீர், மூடி ஃப்ரிட்ஜில் இரவு முழுவதும். காலையில் வடித்துவிடுங்கள். குளிர்ந்த தண்ணீரில் துவர்ப்பும் காஃபினும் குறைவாகவே இறங்கும், அதனால் சர்க்கரை கேட்காது. நிறைய தேயிலைகளைச் சூடாகப் போட்டு ஆறவைத்தால் காஃபினும் பாலிபீனால்களும் சேர்ந்து கலங்கிவிடும். நீலகிரி இலை ஆறினாலும் தெளிவாகவே நிற்கும் என்று பெயர் வாங்கியது, ஐஸ் டீக்கு வெளிநாட்டில் அதைத் தேடி வாங்குகிறார்கள். ஊறுவது ஃப்ரிட்ஜுக்குள்தான் நடக்க வேண்டும், ஜன்னல் ஓரத்தில் வெயிலில் அல்ல.

டீபாட் மங்கலானால் இரண்டு அழுக்கையும் பிரித்துப் பாருங்கள். பழுப்புக் கறை தேநீருடையது, அதற்குச் சமையல் சோடாவைச் சுடுநீரில் கலந்து அரை மணி நேரம் ஊற விட்டால் போதும். வெள்ளைப் படிவு சுண்ணாம்பு, அதற்குச் சோடா வேலை செய்யாது. எலுமிச்சை உப்பு ஒரு ஸ்பூன் அல்லது எலுமிச்சைச் சாறு கலந்த சுடுநீர் வேண்டும். கம்பி நார், பாத்திரம் தேய்க்கும் பொடி இரண்டும் வேண்டாம். கண்ணாடியில் விழும் கண்ணுக்குத் தெரியாத கீறலில் இருந்துதான் பின்னால் விரிசல் கிளம்பும். மூங்கில் மூடி இருந்தால் அதையும் உள்ளே உள்ள ரப்பர் வளையத்தையும் கழற்றிக் காயவைத்து மாட்டுங்கள், மழைக்காலத்தில் அங்கே பூஞ்சை பிடிக்கும்.

அப்புறம் மிச்சத் தேயிலை. கண்ணாடி டீபாட்டுக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று கண்ணாடி ஜாடியில் போட்டு அலமாரியில் வைக்கிறார்கள். வெளிச்சம் இலையின் வாசனையைக் கெடுக்கும், கிரீன் டீயை இன்னும் சீக்கிரம். காற்றின் ஈரத்தையும் பக்கத்தில் இருப்பதன் வாசனையையும் தேயிலை உறிஞ்சிக்கொள்ளும், நம் ஊரில் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. இறுக்கமாக மூடும் தகர டப்பாவில், அடுப்புக்கும் பெருங்காயத்துக்கும் சாம்பார்ப் பொடிக்கும் தள்ளி வையுங்கள். திறந்த பொட்டலத்தை ஃப்ரிட்ஜில் வைத்தால் வெளியே எடுக்கும்போதெல்லாம் ஈரம் கோத்துக்கொள்ளும், அதனால் வேண்டாம். அடுத்த முறை குன்னூர் போனால் ஒரு கிலோ வாங்காமல், இரண்டு மூன்று மாதத்துக்கு வேண்டிய நூறு, இருநூறு கிராம் மட்டும் வாங்குங்கள்.